நவம்பர் பக்கம்

ஜனவரி 11, 2005, செவ்வாய்

மழை. கால்வாய்த் தூக்குப் பாலத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு நாளில் படகே வராது. காவல் கொட்டகையில் உட்கார்ந்து செய்தித்தாளை மரண அறிவிப்பு வரைக்கும் படித்து முடிப்பேன். இப்போது ஓய்வு. காலை ஒன்பதுக்கே செய்தித்தாள் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் புத்தக வேலையை ஒப்புக்கொண்டேன் போல.

ஃபென்னா அக்கா போன் செய்தாள். நல்லா இருக்கியா, உன் வீட்டுக்காரி ரூலிக்கு முட்டி வலி எப்படி, ஒன்றும் கிடையாது. எடுத்ததும், "எதுல வந்து நிக்குது?" என்றாள்.

"எட்டு அத்தியாயம் முடிஞ்சுது."

"எட்டுதானா? பாலத்தைத் தூக்குற மாதிரியே எழுதுறடா ஹார்ம். மே அஞ்சுக்குள்ள புத்தகம் கையில வரணும். ஜெர்மன்காரன்கிட்டேருந்து விடுதலை ஆகி அறுபது வருஷம். எனக்கு எழுபத்தொண்ணு. நானும் போயிட்டா அப்புறம் யார் சொல்லுவா உனக்கு?"

அதுவும் சரிதான். எல்லாமே அவள் சொல்லி நான் எழுதியது. ஒளிந்திருந்தவர்களுக்காக அப்பா ரேஷன் சீட்டுகளைச் சுருட்டி சைக்கிள் கம்பிக்குள் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. சுவருக்குள் கட்டிய படுக்கை அலமாரிக்குப் பின்னால் பலகை அடித்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த லியோவுக்கு இடம் செய்தது. லியோ யூதப் பையன், கடிகாரம் பழுதுபார்ப்பவன். பத்தொன்பது மாதம் அந்தச் சுவருக்குள் கிடந்தான். பிடிபட்ட அன்று பின்பக்கமாக ஓடினான். உருளைக்கிழங்கு வயலில் சுட்டார்கள். அப்பாவைக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் ஏதோ ஒரு முகாமில், மூன்று மாதத்தில் முடிந்தது.

எனக்கு அப்போது நாலு வயது. எனக்கென்று இருக்கும் நினைவு ஒன்றே ஒன்று, ஈரக் கோட்டு வாசனை. வீடு நிறைய ஆட்கள், வீடு நிறைய ஈரக் கோட்டு. அதை வைத்து ஒரு அத்தியாயம் எழுத முடியாது.

ஒன்பதாவதுக்குத் தலைப்பை அக்காவே வைத்துவிட்டாள்: 'காட்டிக்கொடுத்தவன்'.

ஜனவரி 19, புதன்

குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது ஹில்லி ஓல்டன்காம்ப்பும் தன்னுடையதை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். பார்த்தாள். தலையாட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. அறுபது வருஷப் பழக்கம், இனிமேல் மாற்றினால் இரண்டு பேருக்கும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

அவள் அப்பா பேரென்ட்தான் அந்த ஒன்பதாம் அத்தியாயம். சோதனை நடந்த அன்று மதியம், ஜெர்மன்காரனுக்கு வேலை பார்த்த போலீஸ்காரனோடு அவர் ரோட்டில் நின்று பேசியதை ஊரே பார்த்தது. நாடு விடுதலையானதும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷம் அடைத்து வைத்திருந்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். "ஆதாரம் இல்லன்னா செய்யலன்னு அர்த்தமா?" என்பாள் அம்மா.

61-இல் அவர் செத்தார். இங்கே சவப்பெட்டியைத் தூக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரன். சொந்தக்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். எந்தச் சண்டை இருந்தாலும் அன்றைக்கு மட்டும் போயாக வேண்டும். நாங்கள் போகவில்லை. எங்களைப் பார்த்து அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களும் போகவில்லை. டவுனிலிருந்து முன்பின் தெரியாத ஆறு பேர் வந்து தூக்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு இருபது வயது. சரியென்றுதான் பட்டது.

பிப்ரவரி 2, புதன்

ஹேக் நகர ஆவணக் காப்பகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பேரென்ட்டின் விசாரணைக் கோப்பைப் பார்க்கலாம். இது யெல்லேயின் யோசனை. அக்கா மகன், ஸ்வோல்லேயில் வக்கீல் ஆபீஸில் இருக்கிறான். "மாமா, ஆதாரம் இல்லாம ஒருத்தர் பேரைப் போட்டு அச்சடிக்காதீங்க. நாளைக்கு அந்தம்மா கேஸ் போட்டா யார் ஓடுறது?" என்றான். அவனுடைய இரட்டைக் குழந்தைகளுக்காகத்தான் இந்தப் புத்தகமே.

கடிதத்தைப் படித்துவிட்டு ரூலி, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றாள்.

என்ன ஓணான்? எல்லாம் தெரிந்த கதைதானே. முத்திரை குத்திய ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். கோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 18, வெள்ளி

நகல் எடுக்க விடமாட்டார்கள். பேனாவும் கூடாது. வேறொரு நோட்டில் பென்சிலில் பார்த்து எழுதிக்கொண்டேன். போலீஸ்காரனின் வாக்குமூலம், 1946:

"ரேடியோ வைத்திருக்கிறார்களா என்று பார்க்க 14 நவம்பர் 1944 மதியம் அந்த வீட்டுக்குப் போனேன். வழக்கமான சோதனை. யாரும் எனக்குத் தகவல் தரவில்லை. எதுவும் கிடைக்கவில்லை. கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போனேன். சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி. நவம்பர் பக்கம். மூன்றாம் தேதிக்கு நேரே வீட்டுக்காரர் பெயர். ஒன்பதாம் தேதிக்கு நேரே 'லியோ, 1922' என்று பென்சிலில், குழந்தைக் கையெழுத்தில் இருந்தது. அந்த வீட்டில் லியோ என்று யாரும் பதிவில் இல்லை. ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தேன். ரோட்டில் ஓல்டன்காம்ப் என்னை நிறுத்தி, ஜெர்மன்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போன தன் குதிரை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. சாயங்காலம் ஆறு பேரோடு திரும்பி வந்தேன்."

கழிப்பறை நாட்காட்டி. யார் வீட்டில் இல்லை? கிழமை போடாத நாட்காட்டி, எந்த வருஷத்துக்கும் ஆகும். வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள், வேண்டியவர்கள் எல்லாருடைய பிறந்தநாளும் அதில் ஏறியாக வேண்டும். தினம் ஒரு தரமாவது கண்ணில் படட்டும் என்று அங்கே மாட்டுவோம். ஒருவருடைய பிறந்தநாளை மறப்பதைவிடப் பெரிய பாவம் நம் ஜனங்களுக்கு இல்லையே.

சீட்டை சைக்கிளுக்குள் ஒளித்தார்கள். ரேடியோவை உருளைக்கிழங்குக் குழிக்குள் ஒளித்தார்கள். ஓர் ஆளையே சுவருக்குள் ஒளித்தார்கள். பிறந்தநாளை ஒளிக்கத் தோன்றவில்லை.

குழந்தைக் கையெழுத்து. வீட்டில் இரண்டு குழந்தைகள். எனக்கு எழுதத் தெரியாது.

பிப்ரவரி 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள், ஆளுக்கு ஒன்று எடுத்தோம், மூடினாள். நோட்டை எடுத்துப் படித்தேன்.

"அதை எழுதினது நான்தான்" என்றாள். இன்றைக்கு ஞாயிறு என்பது மாதிரி சொன்னாள்.

"லியோ எழுதச் சொன்னானா?"

"ஒன்பதாம் தேதி காலைல அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன். பலகைக்கு அந்தப் பக்கத்துல இருந்து, 'இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள் ஃபென்னா, யார்கிட்டயும் சொல்லாத'ன்னான். நான் யார்கிட்டயும் சொல்லலடா. எழுதினேன்."

பிறகு மீதியையும் சொன்னாள். அப்பாவைக் கொண்டுபோன பிறகு அம்மா கழிப்பறைக்குப் போனாளாம். திரும்பி வந்தபோது கையில் நாட்காட்டி. அடுப்பைத் திறந்து உள்ளே போட்டாள். "இது இந்த அடுப்போட முடிஞ்சுது" என்றாள். அதற்கப்புறம் சாகிறவரை ஒரு வார்த்தை இல்லை.

"அப்போ பேரென்ட்?"

"ஊர்ல பேசிக்கிட்டாங்க. நாங்க ஆரம்பிக்கல."

"இல்லைன்னும் சொல்லல."

"எனக்குப் பதினொரு வயசுடா."

"அதுக்கப்புறம் எழுபத்தொண்ணு வரைக்கும் வந்தாச்சேக்கா."

முகம் கல்லாகிவிட்டது. "ஒன்பதாவது நான் சொன்னபடிதான் வரணும். முடியாதுன்னா நான் செத்தப்புறம் உன் இஷ்டத்துக்குப் போட்டுக்க. எதுக்கும் ஒரு முறை இருக்கு." பிறகு, "காபி ஆறுது, குடி" என்றாள்.

குடித்தேன். என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 23, புதன்

தூக்கம் இல்லை. வருஷாவருஷம் விடுதலை நாளுக்கு முன்னால் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசுகிறாள். பதினொரு வயசுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். கடைசியில் எப்போதும் ஒரே வரி: "பக்கத்து வீட்டுக்காரங்களை நாம தேர்ந்தெடுக்க முடியாது, பிள்ளைங்களா." இருபத்தைந்து வருஷமாக. நானே பின் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது. அதை இங்கே எழுதாமல் ஆறு நாள் ஓட்டினேன். 1945 ஜூன், அம்மா கொடுத்த புகார். "பேரென்ட் ஓல்டன்காம்ப்தான் காட்டிக்கொடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை." கீழே கையெழுத்து. எனக்குத் தெரிந்த அதே கையெழுத்து. என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் போடுவது.

ஏம்மா? நாட்காட்டிய அடுப்புல போட்டவளே நீதானே. தெரிஞ்சேதானே போட்ட. பெத்த பொண்ணக் காப்பாத்தணும், சரி, அதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்தா போதாதா? போய் கையெழுத்துப் போடணுமா?



மார்ச் 2, புதன்

முழங்கால் அளவு பனி. ஹில்லி தன் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வாய்க்காலோடு நிறுத்திக்கொண்டாள். நான் என் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வாய்க்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 9, புதன்

மறுபடி ஹேக். போன தடவை நேரம் போதவில்லை, பாதிக் கோப்பு பாக்கி இருந்தது. படிக்காமலே விட்டிருக்கலாம்.

பேரென்ட்டின் வாக்குமூலம், 12 பிப்ரவரி 1947. கீழே, கடைசிப் பத்தி:

"போலீஸ்காரரின் வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாட்காட்டி விஷயம் ஊரில் தெரிய வேண்டாம். அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, இதையும் தாங்காது. ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லி என்னை அனுப்பிவிடுங்கள். என்னைப் பற்றி ஜனங்கள் பேசுவதைப் பேசட்டும். நாளடைவில் மறந்துவிடுவார்கள்."

வாசிப்பு அறையில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் எனக்கு ஒரு கைக்குட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். யாரென்று தெரியாது.

மறக்கவில்லை பேரென்ட் மாமா. ஒருத்தரும் மறக்கவில்லை.

மாமா என்று எழுதிவிட்டேன். வாழ்நாளில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 27, ஈஸ்டர்

எல்லாரும் அக்கா வீட்டில். யெல்லேயின் பிள்ளைகள் தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடின. அக்கா என்னைப் பார்க்காமல் ரொட்டி வெட்டினாள். பேரென்ட் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால்?

"மாமா, ஒன்பதாவது எப்போ? பிரஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றான் யெல்லே. முதுகு வலி என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை. நான் மட்டும் வேறு எங்கிருந்து வந்தேன்?

ஏப்ரல் 3, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். 'ஒரு சிறுமி' என்று ஆரம்பித்தேன். அடித்தேன்.

ரூலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓணான் கதையைச் சொல்லிக் காட்டுவாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "ஹில்லிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாது. கோப்பைப் பார்க்க இதுவரை யாரும் கேட்டதில்லை என்று காப்பகத்தில் சொன்னார்கள்.

"அப்போ முதல்ல போய்ச் சொல்ல வேண்டியது அங்கதானே? புத்தகமாம் புத்தகம்."

ஏப்ரல் 14, வியாழன்

போனேன். இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் பின்வாசல் வழியாகத்தான் போவார்கள், முன்கதவு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். நான் தெரிந்தவனா? முன்கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று, திறந்து பழக்கமில்லாத கதவு, இறுகிப் போயிருந்தது.

"முன்வாசல் வழியா வர்றீங்க. யாரு செத்தது?" என்றாள்.

யாருமில்லை என்றேன். உங்கள் அப்பாவைப் பற்றி என்றேன். கதவை மூடப் போனாள். நாட்காட்டியைச் சொன்னேன், கதவு பாதி மூடியிருக்கும்போதே. அப்படியே நின்றாள். பிறகு உள்ளே நடந்தாள். பின்னாடியே போனேன். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே படித்தேன். போலீஸ்காரன் சொன்னதை. பிறகு அவள் அப்பா சொன்னதை.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"தேதி?"

"பன்னிரண்டு பிப்ரவரி, நாற்பத்தேழு."

"மார்ச்ல வீட்டுக்கு வந்தாரு" என்றாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். என்னிடம்தான் பேசினாளா என்று தெரியவில்லை. "பதினாலு வயசுல என் கோட்டு முதுகுல எவனோ சாக்பீஸால துரோகின்னு எழுதிட்டான். தெரியாம ஊர் முழுக்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். வந்து கேட்டேன், 'நீங்க செஞ்சீங்களாப்பா?' உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தாரு. நிமிரல. 'அது முடிஞ்சுபோன விஷயம் ஹில்லி'ன்னாரு. இல்லைன்னு சொல்லல. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. அன்னையோட பேச்சை நிறுத்தினேன். பதினொரு வருஷம். தட்டு வைப்பேன், துணி துவைப்பேன், பேசமாட்டேன். ஆஸ்பத்திரில என் கையைப் பிடிச்சாரு. எடுத்துட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

"உங்க அக்காவைக் காப்பாத்தினாரு" என்றாள். "என்னைய?"

மாவு ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போவாள், இந்த ஊரில் யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதால். கல்யாணம் கிடையாது. எல்லாம் தெரியும் எனக்கு. பக்கத்து வீடுதானே, ஜன்னல் வழியாகத் தெரியும்.

"இதை எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க? எனக்கு அறுபத்தொன்பது ஆகுது. துரோகி மகளா இருந்தேன், பழகிப்போச்சு. இப்ப நான் யாரு?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தை அந்தச் சமையலறையில் எவ்வளவு கேவலமாக இருந்தது.

"வந்த வழியாவே போங்க" என்றாள்.

ஏப்ரல் 15, வெள்ளி

ஹில்லி வீட்டுத் திரைகள் மூடியிருக்கின்றன. பகலில் யாரும் இங்கே திரை மூடுவதில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

இன்னும் மூடித்தான். புகைபோக்கியில் புகை வருகிறதா என்று காலையிலும் சாயங்காலமும் பார்க்கிறேன். வருகிறது.

நல்லது செய்யப் போனேன் என்று நினைத்தேன். ஒரு வயதான பொம்பளையிடமிருந்து அவளுக்கென்று இருந்த கோபத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உண்மை, உண்மை என்கிறோமே. யாருக்கு உதவிற்று அது? செத்தவர்களுக்குக் காது கிடையாது. இருப்பவர்களுக்கு அதை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. யெல்லேயின் பிள்ளைகளுக்கு ஆறு வயது. இதையா கட்டி, அட்டை போட்டுக் கொடுக்கப் போகிறேன்?

ஏப்ரல் 21, வியாழன்

அக்காவிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிட்டியா? நான் சாகறவரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு?" மேசையில் ஓங்கி அடித்தாள். "அறுபது வருஷம் நான் தூக்கிச் சுமந்தது உனக்கு என்னடா தெரியும்? தினம் ராத்திரி லியோ வயல்ல ஓடுறான்டா. நான் எழுதினதாலதான் ஓடுறான். அப்பா எதுவும் கேக்காம கோட்டை மாட்டிக்கிட்டுப் போறாரு. இதெல்லாம் யார்கிட்ட சொல்ல முடியும்? பேரென்ட் செஞ்சான்னு வச்சுக்கிட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். சொல்லிச் சொல்லி, பாதி நாள் நானே நம்பிட்டேன்."

பாவமாக இருந்தது. ஆனாலும் நோட்டைப் பிரித்து பேரென்ட் சொன்னதைப் படித்தேன். 'அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது' என்ற இடத்தில் கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். என் பென்சில் எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவருக்குத் தெரியுமாடா?"

நாலைந்து தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் தெரியும் என்றேன்.

"எனக்குப் பதினேழு வயசு. கால்வாய்க் கரைல எதிர்ல சைக்கிள்ல வந்தாரு. அவர் காலடில காறித் துப்பினேன். கூட வந்த பொண்ணுங்க சிரிச்சுதுங்க. அவர் இறங்கி ஓரமா நின்னு எங்களுக்கு வழி விட்டாரு. தொப்பியத் தொட்டாரு. ஹார்ம், தொப்பியத் தொட்டாருடா."

நான் கிளம்பும்போது அவள் நோட்டைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, வியாழன்

பள்ளிக்கூட ஆசிரியை போன் செய்தார். விடுமுறைக்கு முன்னால் கடைசி நாள், பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து காத்திருந்தார்களாம், அக்கா வரவில்லையாம். உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

அக்கா போனை எடுக்கவில்லை. ரூலி பட்டாணி சூப் கொண்டுபோனாள். பானையைப் படியில் வைத்துவிட்டு வந்தாள்.

மே 4, புதன்

போரில் செத்தவர்களுக்கான நாள். சாயங்காலம் ஏழரைக்கு எல்லாரும் பேச்சில்லாமல் நினைவுக்கல்லுக்கு நடப்பார்கள். எட்டு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். முதல் மலர்வளையம் எப்போதும் எங்கள் குடும்பத்துடையது; அக்காதான் வைப்பாள்.

ரூலியும் நானும் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். பக்கத்து வீட்டு முன்கதவு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் ஒன்றும் இல்லை. தட்டிவிட்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. திரை அசையவில்லை.

ரோட்டில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஊரே அந்த ரோட்டில்தான் போக வேண்டும். ஒவ்வொருவரும் பார்த்தார்கள். பழைய பால்காரர் நின்று, "ஃபென்னா, வீடு மாறி நிக்கிறியேம்மா" என்றார்.

"மாறல" என்றாள் அக்கா.

நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கூட்டிக்கொண்டு வரவும் தோன்றவில்லை, பக்கத்தில் போய் நிற்கவும் தைரியமில்லை. எட்டு அடித்தது. தூரத்தில் ஊதுகுழல். பிறகு மௌனம். வருஷாவருஷம் அந்த இரண்டு நிமிஷத்தில் அப்பாவை நினைப்பேன். இன்றைக்கு யாரை நினைப்பதென்றே தெரியவில்லை.

கூட்டம் திரும்பி வரும்போதும் அக்கா அங்கேயேதான் நின்றாள். அப்போது கதவைப் பார்த்துச் சொன்னாள்: "ஹில்லி, லியோ பேரை எழுதினது நான். உங்கப்பா இல்ல. என்னாலதான் ரெண்டு பேரும் செத்தாங்க. உங்கப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும்." பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய குரல். ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. ஒருத்தரும் நகரவில்லை.

கதவு திறக்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் நான் போய்க் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. வந்துவிட்டாள்.

மே 5, வியாழன்

விடுதலை நாள். ஊர் முழுக்கக் கொடி. நான் ஏற்றவில்லை. காலை பத்து மணிக்கு அக்கா மறுபடியும் அங்கே போய் நின்றாள். ஒரு மணிநேரம். திறக்கவில்லை.

மே 7, சனி

நேற்றும் நின்றாள். இன்றும். தட்டுவதில்லை இப்போது, நிற்கிறாள்.

கடையில் ரொட்டி வாங்கும்போது பேச்சு சட்டென்று நின்றது. இனி எங்கள் முறை போலிருக்கிறது.

நான் எழுதிய ஒன்பதாம் அத்தியாயத்தை அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள். "ஒரு சிறுமின்னு போட்டிருக்க. எந்தச் சிறுமி? பேரை முழுசா போடு" என்றாள். அம்மாவின் புகாரையும் போடவா என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போடு என்றாள்.

யெல்லேக்கு அனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது. "மாமா, இதைப் பிள்ளைங்க கையில எப்படிக் கொடுக்கிறது? அம்மா பேரு இருக்கு. பாட்டி பேரு இருக்கு. நம்ம குடும்பத்துல மிச்சம் யாரு?" என்றான். புத்தகம் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மே 10, செவ்வாய்

காற்று. பத்து மணிக்கு அக்கா வந்தாள், ஏழாவது நாள். ஹில்லி கதவைத் திறக்கவில்லை. திரையும் விலகவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே ஒரு சமையலறை நாற்காலி இருந்தது. நேற்று அது இல்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம் உட்கார்ந்தாள்.